திரையில் ஓடும் பழம்பெரும் கார்கள்: காசு கொடுத்து வாங்கினாலும் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும்?

திருப்பதி: ஜப்பானைக் களமாகக் கொண்ட 'ஃபோர்ஸா ஹொரைசன் 6' என்னும் கார் பந்தய வீடியோ கேம் 2026ஆம் ஆண்டு வெளியாகும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்துள்ளது. 2025 செப்டம்பரில் நடைபெற்ற டோக்கியோ கேம் ஷோ கண்காட்சியில் இந்த அறிவிப்பு வெளியானது முதல், கார் பிரியர்களிடையே எதிர்பார்ப்பு நாளுக்கு நாள் கூடிவருகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிளேகிரவுண்ட் கேம்ஸ் உருவாக்கும் இந்த விளையாட்டு முதலில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் கருவிகளிலும் கணினியிலும் வெளிவரும். பிளேஸ்டேஷன் 5 பதிப்பு அதன் பின்னர் வரும்.

புதிய கார்களைவிடப் பழைய கார்களே இத்தகைய விளையாட்டுகளின் பெரிய ஈர்ப்பு. சாலையில் இனி காண முடியாத, கண்டாலும் கோடிகள் கொடுத்தாலன்றிக் கைக்கு வராத கார்களை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஓட்டலாம் என்பதே அந்த ஈர்ப்புக்குக் காரணம். ஆனால், ரூ.5,000 அளவுக்கு விலை கொடுத்து வாங்கும் விளையாட்டில் அந்தக் கார்கள் எவ்வாறு இடம்பெறுகின்றன, எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கார் சார்ந்த தொழிற்சாலைகள் நிறைந்த திருப்பதி, சித்தூர் மாவட்டங்களுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு.

கொட்டகையில் ஒளிந்திருக்கும் கார்

ஃபோர்ஸா ஹொரைசன் வரிசையின் முதல் விளையாட்டு 2012ஆம் ஆண்டு வெளியானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் அதன் களம். அப்போதே அதில் ஒரு புதுமை இருந்தது. வரைபடத்தில் எங்கோ ஒரு மூலையில் பாழடைந்த கொட்டகை இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்தால், தூசு படிந்து கிடக்கும் ஒரு பழைய கார் கிடைக்கும். மெக்கானிக் அதைச் சீரமைத்த பின்னரே அதை ஓட்ட முடியும். மெக்சிகோவில் நிகழும் ஐந்தாம் பாகத்தில், 1963ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இவ்வாறு கொட்டகையில் கிடைத்த கார்களுள் ஒன்று. விலையுயர்ந்த நவீன கார்களைப் பந்தயத்தில் வென்று பெறுவதைவிட, இந்தத் தேடலையே பெரிதும் விரும்புவோர் உண்டு.

ஆறாம் பாகம் ஜப்பானுக்குச் செல்வதால் இந்த எதிர்பார்ப்பு இரட்டிப்பாகியுள்ளது. ஜப்பானின் மலைச்சாலைகளுக்குக் கார் பிரியர்களிடையே தனிப் புகழ் உண்டு. 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்னும் சித்திரத் தொடர், 1980களின் எளிய டொயோட்டா காரான ஸ்பிரிண்டர் ட்ருவேனோவை உலகப் புகழுக்கு உயர்த்தியது. மலை வளைவுகளில் சறுக்கியபடி செல்லும் அந்தச் சிறிய காருக்கு இன்று சேகரிப்பாளர்களிடையே நல்ல விலை.

வளைவுகள் நிறைந்த மலைச்சாலை திருப்பதி மக்களுக்குப் புதிதன்று. திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதை 1944ஆம் ஆண்டிலும் இரண்டாவது பாதை 1974ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. பழைய பாதை இறங்குவதற்கும் புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. திரையில் முதலில் வந்தவருக்குப் பரிசு. இங்கோ நிர்ணயிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே சோதனைச்சாவடிக்கு வந்து சேர்ந்தால் அது விதிமீறல். விளையாட்டின் பழக்கத்தை மலைப்பாதையில் காட்ட நினைப்போர் இந்த வேறுபாட்டை மறக்காதிருப்பது நல்லது.

பழைய கார் கணினிக்குள் செல்வது எப்படி?

இன்று விற்பனையாகும் காரை விளையாட்டுக்குள் கொண்டுவருவது ஒப்பீட்டளவில் எளிது. அதை வடிவமைத்ததே கணினியில்தான் என்பதால், அந்தக் கோப்புகளை நிறுவனமே வழங்கிவிடும். 1960களின் காருக்கு அத்தகைய வசதி இல்லை. காகித வரைபடங்கள் எஞ்சியிருந்தாலே பெரிது. எனவே, விளையாட்டை உருவாக்குவோர் அருங்காட்சியகங்களையும் தனியார் சேகரிப்பாளர்களையும் நாட வேண்டியுள்ளது. காரை எல்லாக் கோணங்களிலும் நூற்றுக்கணக்கில் படமெடுப்பர். லேசர் கருவியால் அதன் வடிவத்தை அளந்தெடுப்பர். இருக்கையின் தையல், ஸ்டியரிங் சக்கரத்தின் தேய்மானம், வேகமானியின் எழுத்துரு வரை பதிவாகும்.

அடுத்தது ஒலி. காரை உருளைகளின் மீது நிறுத்தி ஓட்டி, புகைபோக்கி, எஞ்சின், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் அருகே தனித்தனி ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்வர். கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் ஒலி இன்றைய கார்களில் கேட்காது. ஒரு குறிப்பிட்ட எஞ்சின் உலகில் சில மட்டுமே இயங்கும் நிலையில் இருந்தால், அந்த ஒலிப்பதிவே ஓர் ஆவணமாகிவிடுகிறது.

மூன்றாவதாக, கார் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குகளாக மாற்ற வேண்டும். பழைய கார்களை விரும்புவோர் உண்மையில் விரும்புவது இதைத்தான். இன்றைய காரில் பிரேக்கை முழுமையாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி மின்னணுக் கருவி காக்கும். பழைய காரில் அவ்வாறு மிதித்தால் சக்கரங்கள் நின்றுவிடும், கார் நேராகச் சறுக்கும். டிரம் பிரேக்குகள் சூடேறினால் பிடிப்பை இழக்கும். அக்கால டயர்கள் பிடிப்பைத் திடீரென இழக்காமல் மெல்ல மெல்லச் சறுக்கும் இயல்புடையவை என்பதால், ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1967ஆம் ஆண்டின் லோட்டஸ் 49. எடை ஏறத்தாழ 500 கிலோ, ஆற்றல் 400 குதிரைத்திறன் அளவு. தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் பந்தயக் கார்களுக்கு அப்போது வரவில்லை. அந்தக் கார் தனது முதல் பந்தயத்திலேயே, நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில், ஜிம் கிளார்க்கின் கையில் வெற்றி பெற்றது. அந்த ஆண்டின் ஃபார்முலா 1 பருவத்தை அப்படியே மீட்டெடுத்த 'கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ்' என்னும் கணினி விளையாட்டு 1998இல் வெளியானது. மிகக் கடினமான விளையாட்டு என்று அப்போதே பெயரெடுத்தது. பல வளைவுகளைத் தாண்டுவதற்குள் பலமுறை கவிழ்ந்தவர்களே அதிகம். இருந்தும் கால் நூற்றாண்டைக் கடந்து அதை விளையாடுவோர் இன்றும் இருக்கின்றனர். இதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

பெயருக்கும் உரிமம் வேண்டும்

காரின் பெயர், சின்னம், வடிவம் ஆகிய அனைத்தும் தயாரிப்பு நிறுவனத்தின் உடைமை. அவற்றைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். மேற்சொன்ன கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டில் லோட்டஸும் ஃபெராரியும் சொந்தப் பெயரிலேயே உண்டு. ஹோண்டா இல்லை; அதற்குப் பதிலாக 'முரசாமா' என்ற கற்பனைப் பெயரில் ஒரு கார் இருந்தது. கூப்பர் காருக்கு 'காவென்ட்ரி' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. வரலாற்றை மீட்டெடுக்க முனைந்த விளையாட்டிலேயே வரலாற்றின் பெயர்கள் மாறிப்போயின.

இதைவிடப் பெரிய கதை போர்ஷே நிறுவனத்துடையது. அதன் கார்களை விளையாட்டுகளில் பயன்படுத்தும் தனியுரிமையை 2000ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு இறுதி வரை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே வைத்திருந்தது. வேறு பல விளையாட்டுகளில் போர்ஷேயைத் தேடியவர்களுக்கு, அதே கார்களை மாற்றியமைத்து விற்கும் ரூஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கார்களே கிடைத்தன. போர்ஷே இல்லாத கார் விளையாட்டு என்பது, லட்டு இல்லாத திருப்பதிப் பிரசாதம் போன்றது என்று ரசிகர்கள் குறைபட்டால் அதில் வியப்பில்லை.

உரிமம் நிரந்தரமானதும் அன்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுவது. இந்த ஒரு வரியில்தான் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது.

ஸ்ரீசிட்டியில் பிக்கப், திரையில் கூபே

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், தமிழக எல்லையைத் தாண்டியதும் தடாவை அடுத்து ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வருகிறது. இசுசூ நிறுவனம் 2016 ஏப்ரலில் இங்குத் தன் ஆலையைத் திறந்தபோது இப்பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டதை அடுத்துத் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. ஹீரோ இருசக்கர வாகன ஆலை, அப்போலோ டயர் ஆலை ஆகியவையும் இதே சுற்றுவட்டாரத்தில்தான் உள்ளன. ரேணிகுண்டா அருகே கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை இருக்கிறது. வாகனம் என்றாலே இப்பகுதி இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு என்பதும் நினைவுக்கு வரும்.

ஸ்ரீசிட்டியில் உருவாகும் இசுசூ வண்டிகள் பிக்கப்புகளும் பெரிய எஸ்யூவிகளுமே. இந்நிறுவனம் ஒரு காலத்தில் அழகிய கார்களைத் தயாரித்தது என்று சொன்னால் பலர் நம்பத் தயங்கலாம். 1963இல் வெளிவந்த பெல்லட் என்ற சிறிய கார், அடுத்த ஆண்டே ஜிடி என்ற பெயருடன் வேகமான வடிவிலும் வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ வரைந்த 117 கூபே 1968 முதல் 1981 வரை தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் உடற்பகுதி பெரும்பாலும் கைவேலையாகவே உருவானது. 1989ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் 4200ஆர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரையும் இசுசூ வைத்தது. அது விற்பனைக்கு வரவே இல்லை. 1993ஆம் ஆண்டு சொந்தமாகப் பயணியர் கார் தயாரிப்பதையே நிறுவனம் கைவிட்டது.

இந்த மூன்று கார்களும் இன்னோர் இடத்தில் உயிர்பெற்றன. ஜப்பானியர் கசுனோரி யமாவுச்சி 1997ஆம் ஆண்டு தொடங்கிய 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டு வரிசையில், பெல்லட், 117 கூபே, 4200ஆர் ஆகியவை இடம்பிடித்தன. கண்காட்சி மேடையைத் தாண்டி எந்தச் சாலைக்கும் வராத ஒரு காரை உலகெங்கும் சிறுவர்கள் ஓட்டினார்கள். நிறுவனமே கைவிட்ட தன் கடந்த காலத்தை விளையாட்டு ஒன்று பாதுகாத்து வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த வரிசையின் 'கிரான் டூரிஸ்மோ 7' 2022 மார்ச்சில் வெளியானது. அதில் பழம்பெரும் கார்களுக்கென்றே ஒரு விற்பனையகம் உண்டு. அங்குள்ள கார்களின் விலை, பழைய கார்களுக்குக் காப்பீடு வழங்கும் அமெரிக்காவின் ஹேகர்ட்டி நிறுவனத்தின் உண்மையான சந்தை மதிப்பீட்டையொட்டி ஏறி இறங்கும். 'காஃபே' என்ற பகுதியில் காபிக்கடைப் பேச்சு போலக் கார்களின் வரலாறும் சொல்லப்படுகிறது.

அம்பாசடர் எங்கே?

இந்தியக் கார்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஃபோர்ஸா, கிரான் டூரிஸ்மோ ஆகிய இரு பெரும் வரிசைகளின் நீண்ட பட்டியல்களில் அம்பாசடரும் இல்லை, பிரீமியர் பத்மினியும் இல்லை. பந்தய வரலாறு இல்லாத கார்கள் என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீசிட்டிக்குச் செல்லும் அதே நெடுஞ்சாலையில், செங்குன்றத்தைத் தாண்டியதும் வரும் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் உள்ளது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. எஞ்சினைத் திருத்தியமைத்த ஃபியட் கார்களும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களும் அங்கு ஓடின. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தளம் அமைந்தது. இந்தியாவிலேயே உருவான பந்தயக் கார்களுக்கு முன்னோடியான கோவை கரிவரதன் 1995இல் விமான விபத்தில் உயிரிழந்தார். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு விளையாட்டுக்குப் போதுமான கதை இதில் இருக்கிறது.

இந்தியாவில் கன்சோல் விற்பனை குறைவு என்பதால் நிறுவனங்கள் இதில் முதலிடத் தயங்குவது ஒரு காரணம். உரிமம் யாரிடம் கேட்பது என்பது மற்றொன்று. அம்பாசடரின் மூலவடிவம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் தயாரிப்பு நின்றது. 2017இல் அம்பாசடர் என்ற பெயர் ரூ.80 கோடிக்குப் பிரான்ஸின் பியூஜோ குழுமத்துக்கு விற்கப்பட்டது. பத்மினியின் மூலவடிவமோ இத்தாலியின் ஃபியட் 1100. ஒரே காருக்கு மூன்று நாடுகளில் வேர் இருந்தால், ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர் தலையில் கை வைப்பது இயல்பே.

ஆனால், கைப்பேசியில் நிலைமை வேறு. திருப்பதியிலும் சித்தூரிலும் பெரும்பாலான இளைஞர்கள் விளையாடுவது கைப்பேசியில்தான். 2017இல் வெளியான 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டில், ரசிகர்களே உருவாக்கிய வாகனங்களை இணைத்துக்கொள்ளலாம். தமிழக அரசுப் பேருந்து, ஆந்திர அரசுப் பேருந்து, அம்பாசடர் என நம் சாலைகளின் வாகனங்கள் அனைத்தும் அதில் ஓடுகின்றன. எந்த நிறுவனமும் உரிமம் வழங்கவில்லை. எவரும் பணமும் கேட்பதில்லை. நம் பழைய வண்டிகளின் டிஜிட்டல் பதிவு இன்று பெரும்பாலும் இந்த ஆர்வலர்களின் கையில்தான் உள்ளது. உரிமையாளர் ஒருவர் மறுப்புத் தெரிவித்தால் அவையும் நீக்கப்படலாம்.

அளந்தெடுக்க வண்டிகளுக்கும் பஞ்சமில்லை. 2015இல் திறக்கப்பட்ட கோவை ஜிடி கார் அருங்காட்சியகம், 2023 மே மாதம் சென்னை வடபழனியில் திறக்கப்பட்ட ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகம் ஆகியவற்றில் நல்ல நிலையில் பராமரிக்கப்படும் பழைய கார்களைப் பொதுமக்கள் காணலாம்.

விற்பனையிலிருந்து மறையும் நாள்

உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு என்று மேலே குறிப்பிட்டோம். அது முடிந்ததும் விளையாட்டை விற்பது சட்டப்படி இயலாது. ஆஸ்திரேலியாவைக் களமாகக் கொண்டு 2016இல் வெளிவந்த ஃபோர்ஸா ஹொரைசன் 3, 2020 செப்டம்பரில் இணைய விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பிரிட்டனைக் களமாகக் கொண்டு 2018இல் வெளிவந்த நான்காம் பாகம் 2024 டிசம்பர் 15 அன்று நீக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள், ஆறு ஆண்டுகள் என்பதே இவற்றின் கடை ஆயுள். ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம். புதிதாக வாங்க விரும்புவோருக்கு இணையக் கடையில் இடமில்லை.

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' விளையாட்டை வாங்கியவர்களின் நிலை இன்னும் மோசம். 2014இல் வெளியான அந்தக் கார் விளையாட்டு, இணைய இணைப்பு இருந்தால் மட்டுமே இயங்கும். 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வாங்கியவர்களின் வட்டும் அன்றோடு பயனற்றுப்போனது. இதைக் கண்டித்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கும் மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. விற்கப்படுவது பொருள் அன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது. எதிர்ப்பு வலுத்ததை அடுத்து, 'தி க்ரூ 2' விளையாட்டுக்கு இணையமின்றி விளையாடும் வசதியை யூபிசாஃப்ட் பின்னர் வழங்கியது.

1998ஆம் ஆண்டின் கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ் இன்றும் ஓடுவதன் காரணம் இங்கேதான் உள்ளது. அது எந்தச் சர்வரையும் நம்பியிருக்கவில்லை. குறுந்தட்டு கையில் இருந்தால் போதும். மீதியை ரசிகர்கள் பார்த்துக்கொண்டனர். புதிய கணினிகளில் இயங்கும்படி அதைத் திருத்தினர், வேறு ஆண்டுகளின் கார்களையும் சேர்த்தனர்.

உண்மையான பழைய காருக்கோ இந்தியச் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2021 ஜூலையில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, மூலவடிவம் பெரிதும் மாற்றப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ அந்த வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. சித்தூரில் ஒருவர் வீட்டு முற்றத்தில் நிற்கும் 1975ஆம் ஆண்டுப் பத்மினிகூட இப்போது இந்தத் தகுதிக்கு விண்ணப்பிக்கும் வயதை எட்டிவிட்டது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிய விளையாட்டை வாங்க எண்ணுவோர், இணைய இணைப்பு இல்லாமல் அது இயங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிரான் டூரிஸ்மோ 7 வட்டில் கிடைத்தாலும், அதன் பெரும்பகுதிக்கு இணைய இணைப்பு கட்டாயம் என்பது குறிப்பிடத்தக்கது. வட்டு இருக்கிறது என்பதாலேயே பாதுகாப்பு என்று எண்ணிவிட முடியாது.

ஃபோர்ஸா ஹொரைசன் 6 விளையாட்டை மாதச் சந்தா முறையான கேம் பாஸ் மூலம் வெளியீட்டு நாளிலேயே விளையாடலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. கருவி வாங்காமல் இணையம் வழியே விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் சேவையும் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்துள்ளது. கைப்பேசி மட்டுமே வைத்திருப்போருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் இணைய வேகம் சீராக இருக்க வேண்டும். சந்தா என்பது வாடகை. கட்டணம் செலுத்துவது நின்றால் விளையாட்டும் நிற்கும்; விளையாட்டு சந்தாப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும் அதே நிலைதான்.

ஒருமுறை விளையாடிப் பார்த்தால் போதும் என்போருக்குச் சந்தா மலிவு. பல ஆண்டுகள் கழித்தும் அதே காரை எடுத்து ஓட்டிப்பார்க்க விரும்புவோர் விளையாட்டை விலை கொடுத்து வாங்குவதே சரி. தனித்தனியாக விற்கப்படும் கூடுதல் கார்த் தொகுப்புகளுக்கும் இது பொருந்தும். ஃபோர்ஸா ஹொரைசன் 4இன் கூடுதல் தொகுப்புகள், மூல விளையாட்டு நீக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே, 2024 ஜூன் மாதத்திலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன.